ஐம்பது ஹெர்ட்ஸ்

முந்நூற்று இருபது வோல்ட்டைத் தொடப்போகிறவர்
இடது கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது விதி.
விதி செய்தவர் நைட்டி போட்டதில்லை.
நான் இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்து
வலது கையால் மட்டும் மீட்டரின் சிவப்பு முனையை நுழைக்கிறேன்,
ஆட வந்து பாதி அடவை மறந்தவள் மாதிரி.

சூளை. மூன்றாவது மாடி. மே மாதம்.
ஏற்கெனவே வேகிற அறையில்
நான்கு வால்வுகள் தம் பங்குக்கு எரிகின்றன.
"ஊட்டியில் இருக்கவேண்டியவள் நீ" என்று
பாயைச் சுருட்டிக்கொண்டு
மொட்டைமாடிக்குப் போய்விட்டார் புவியரசு.

ரிச்சி தெரு சோகன்லால்
ஜோடி என்று சொல்லித்தான் கொடுத்தார்.
அளந்தால் ஒன்று முப்பத்தாறு மில்லி ஆம்பியர் குடிக்கிறது,
மற்றது நாற்பத்தொன்று.
திருப்பிக் கொண்டுபோனேன்.
"பத்துப் பொருத்தம் பார்த்துக் கட்டினதே
இப்படித்தானேம்மா இருக்குது" என்றார்,
என் முகத்தைப் பார்க்காமல்.

பென்சில் நுனியால் ஒவ்வொன்றாகத் தட்டினேன்.
மூன்றாவது வால்வு
ஸ்பீக்கருக்குள் மணியடித்தது.
அதை மாற்றினேன்.
டிரான்ஸ்ஃபார்மரைக் குறுக்காகத் திருப்பினேன்.
ஹீட்டர் ஒயர்களைச் சடை பின்னுவதுபோல் பின்னி
ஓரமாக ஒதுக்கினேன்.
மாலை ஏழுக்குத் தெருவின் ஏசிகள் விழித்ததும்
வோல்டேஜ் இருநூற்றுப் பத்து, பாடுகிறவள் சோர்கிறாள்.
விடியற்காலை இருநூற்று நாற்பது,
அவள் குரலில் கொஞ்சம் திமிர்.
இரண்டுக்கும் நடுவில் எங்கோ அவள் இருக்கிறாள்.

எல்லாம் செய்தும் போகவில்லை
அந்த ஒன்று.
பாட்டு இடைவெளி விடும் இடமெல்லாம்
யாரோ கதை கேட்டு
உம்
கொட்டிக்கொண்டே இருந்தார்கள்.

எர்த் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினால்
இரண்டாம் மாடியில் நவமணியின் கிரைண்டர்.
மூன்று டிபன் கடைகளுக்கு மாவு.
அவள் கல்லுக்கும் என் பாட்டுக்கும் ஒரே கம்பி.
எப்போது நிறுத்துவாய் என்றேன்.
"உளுந்து சொல்லும்."
சுவரைப் பார்த்து நின்றாள்.
கரகரத்த கல் மெல்ல மெல்லத்
தொப் தொப்பென்று குரல் தணிந்ததும்
திரும்பாமலே ஸ்விட்சை அணைத்தாள்.

கை கழுவிக்கொண்டு மேலே வந்தவள்
இரண்டு வரி கேட்டாள்.
"இந்தம்மாவுக்கு ஜலதோஷமா?"
அப்புறம்,
"பெட்டியை மூலையிலேர்ந்து நகத்து.
என் கிரைண்டரும் மூலையில வெச்சா இப்படித்தான் உறுமும்."
ஒன்றரை முழம் நகர்த்தினோம்.
ஜலதோஷம் போனது.
உம், பாதி போனது.
பாதிதான்.

பத்து நாற்பதுக்குக் கரண்ட் போனது.

மின்விசிறி, ஃபிரிட்ஜ், எதிர்வீட்டு ஏசி,
தெருவிளக்கின் கிர்ர்கூட.
பாட்டு நிற்கவில்லை.
போனிலிருந்து வருகிற பாட்டு.
கண்டன்சரில் தேங்கியது இன்னும் தீரவில்லை,
வால்வுகளில் சிவப்பு இன்னும் ஆறவில்லை.
உம் கொட்ட ஊரில் யாருமில்லை.
அடுத்த வரிக்கு அவள் மூச்சிழுத்தாள்,
உதடுகள் பிரிகிற ஈரம் கேட்டது,
ஏதோ ஒரு நாற்காலி முனகியது, அவளுடையதோ வயலின்காரருடையதோ.
மூன்று நொடி இருக்கும்.
பிறகு குரல் மண்ணில் இறங்கும் தண்ணீராக
உள்ளே போய்விட்டது.

இருட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.
கீழே யாரோ மின்வாரியத்தை
அம்மா அப்பாவோடு சேர்த்துத் திட்ட ஆரம்பித்தார்கள்.
மொட்டைமாடியில் புவியரசு இருமினார்.
நவமணியின் கையில் உளுந்து வாசனை.

"இப்ப வந்துடப்போவுது" என்றாள்,
கவலையாக.